கவுண்டிக் கட்சித் தலைவர் என்றால் யார்? சிகாகோவை வைத்து ஒரு விளக்கம்

ரிச்சர்ட் ஜே. டேலி 1955-லிருந்து 1976 டிசம்பரில் இறக்கும்வரை சிகாகோவின் மேயராக இருந்தார். இது பலருக்குத் தெரியும். மேயராவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1953-ல், அவர் குக் கவுண்டி டெமாக்ரடிக் கட்சியின் தலைவராகிவிட்டார் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மேயர் தேர்தலில் நின்றபோது, ஜெயித்தால் கட்சித் தலைவர் பதவியை விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஜெயித்தார், விடவில்லை. சாகும்வரை இரண்டு நாற்காலியிலும் அவரேதான். கட்சித் தலைவர் பதவிக்கு அரசாங்கத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. அதில் உட்கார்ந்துகொண்டு ஒரு கோப்பில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. அப்படியிருந்தும் நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்துக்கு மேயரான ஒருவர் அதை 23 வருடம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது. அது என்ன என்று பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. கவுண்டி என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு. இல்லினாய் மாநிலத்தில் 102 கவுண்டிகள் இருக்கின்றன, அவற்றில் மக்கள்தொகையில் பெரியது குக் கவுண்டி. சிகாகோ நகரமும் அதைச் சுற்றியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன நகரங்களும் இதற்குள்தான் வருகின்றன. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 52 லட்சத்துக்கும் மேல். ஷெரிஃப், சொத்துவரிக்காக வீடுகளின் மதிப்பை நிர்ணயிக்கும் அசெஸர், பொருளாளர், கிளார்க், அரசு வழக்கறிஞர், கவுண்டி போர்டு தலைவர், இவர்கள் எல்லோரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். போதாததற்கு நீதிபதிகளையும். வாக்குச்சீட்டு நீண்டுகொண்டே போகும். அதில் பத்துப் பெயருக்கு மேல் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியொரு இடத்தில், இந்த ஆளுக்குப் போடுங்கள் என்று ஒரு பட்டியலை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பவருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கட்சியின் அமைப்பைக் கீழிருந்து பார்க்க வேண்டும். சில நூறு வாக்காளர்களைக் கொண்ட சின்னப் பகுதிக்கு பிரீசிங்ட் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ளும் கட்சிக்காரர் பிரீசிங்ட் கேப்டன். இப்படிப் பல பிரீசிங்ட் சேர்ந்தால் ஒரு வார்டு, சிகாகோவில் மொத்தம் 50 வார்டு. ஒவ்வொரு வார்டுக்கும் கட்சி சார்பில் ஒரு கமிட்டிமேன் (இப்போது பெண்களும் நிறையப் பேர் இருப்பதால் கமிட்டிபர்சன் என்கிறார்கள்). நகரத்துக்கு வெளியே உள்ள 30 டவுன்ஷிப்களுக்கும் அதேபோல ஆளுக்கு ஒருவர். ஆக 80 பேர். இவர்களை மேலிடம் நியமிப்பதில்லை, அந்தந்தப் பகுதி டெமாக்ரடிக் வாக்காளர்கள் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த 80 பேர் கூடித் தேர்ந்தெடுப்பவர்தான் கவுண்டிக் கட்சித் தலைவர்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 80 பேருடைய ஓட்டும் ஒரே மதிப்புள்ளது கிடையாது. முந்தைய பிரைமரியில் உங்கள் வார்டில் கட்சிக்கு எத்தனை ஓட்டு விழுந்ததோ அதற்கேற்பத்தான் கமிட்டியில் உங்கள் ஓட்டுக்குக் கனம். ஆட்களைத் திரட்டி வாக்குச்சாவடிக்குக் கொண்டுவரத் தெரிந்த கமிட்டிமேன் பெரிய ஆள், தெரியாதவர் கூட்டத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகலாம்.

ஆல்டர்மேன் என்று இன்னொருவர் இருக்கிறார், குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் வார்டின் நகரமன்ற உறுப்பினர், அரசுப் பதவி, சம்பளம் உண்டு. கமிட்டிமேன் கட்சிப் பதவி, சம்பளம் இல்லை. பல வார்டுகளில் இரண்டுமே ஒரே ஆள்தான். இரண்டும் வேறு வேறு ஆளாக இருந்த காலத்தில் கமிட்டிமேன்தான் முதலாளி, ஆல்டர்மேன் அவர் சொன்னபடி கையைத் தூக்குபவர்.

சரி, பிரீசிங்ட் கேப்டன் ஏன் வேலை செய்தார்? கொள்கைப் பிடிப்பு என்று சொல்ல ஆசைதான். பெரும்பாலும் அவர் நகராட்சியிலோ கவுண்டியிலோ ஒரு வேலையில் இருந்தார், அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் கமிட்டிமேன். குப்பை அள்ளவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, பையனுக்கு வேலை வேண்டுமா, கேப்டனிடம் சொன்னால் அவர் கமிட்டிமேனிடம் சொல்வார், காரியம் நடக்கும். தேர்தல் நாளன்று கேப்டன் கதவைத் தட்டுவார். ஓட்டுக் குறைந்தால் கேப்டனின் வேலைக்கே ஆபத்து. டேலி காலத்தில் இப்படி சிபாரிசில் நிரப்பப்பட்ட வேலைகள் 30,000-க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. குடும்பத்துக்கு நாலு ஓட்டு, சொந்தக்காரர் இரண்டு பேர் என்று பெருக்கிப் பார்த்தால், பிரச்சாரம் தொடங்குவதற்கு முன்பே கையில் ஒரு பெரிய எண்ணிக்கை வந்துவிடுகிறது. இந்த மொத்த ஏற்பாட்டைத்தான் சிகாகோக்காரர்கள் மெஷின் என்பார்கள்.

இந்த மெஷினுக்குள் வெளியாள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஆப்னர் மிக்வா சொன்ன கதை ஒன்று போதும். 1948-ல் அவர் சட்டக் கல்லூரி மாணவர். கவர்னர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனுக்கும் செனட் வேட்பாளர் பால் டக்ளஸுக்கும் தொண்டராக வேலை செய்ய ஆசைப்பட்டு வார்டு ஆபீசுக்குப் போகிறார். உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்கிறார் கமிட்டிமேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்கிறார் இவர். யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று பதில் வருகிறது. சம்பளம் கேட்கவில்லை, சும்மா உழைக்க வந்த ஆள்! மிக்வா பிறகு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், ஃபெடரல் நீதிபதி என்றெல்லாம் உயர்ந்தார், அது வேறு கதை.

இந்த மெஷினை டேலி கட்டவில்லை. கட்டியவர் ஆன்டன் செர்மாக். இன்றைய செக் நாட்டில் 1873-ல் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர், சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதுவரை சிகாகோவின் டெமாக்ரடிக் கட்சி என்றால் ஐரிஷ்காரர்களின் கோஷ்டிச் சண்டைதான். 1928-ல் தலைவர் ஜார்ஜ் பிரென்னன் இறந்ததும் செர்மாக் கட்சியைக் கையில் எடுத்தார். செக், போலந்து, யூத, ஜெர்மன் குடியேறிகள் தனித்தனியாக இருந்தவரை ஐரிஷ் கோஷ்டிகளுக்குக் கொண்டாட்டம். அவர்களை ஒரே பட்டியலில் இடம் கொடுத்துச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும் என்று அவர் புரிந்துகொண்டார். ஒவ்வொரு சமூகத்துக்கும் பட்டியலில் ஒரு பெயர், எல்லோருக்கும் பொதுவாக மதுவிலக்கு எதிர்ப்பு. 1931-ல் மேயர் பில் தாம்ப்ஸனைத் தோற்கடித்தார். தாம்ப்ஸன் குடியரசுக் கட்சிக்காரர். அவருக்குப் பிறகு இன்றுவரை சிகாகோவுக்கு அந்தக் கட்சியிலிருந்து ஒரு மேயர்கூட வரவில்லை. கட்சியின் பிடியும் மேயர் பதவியும் ஒரே கையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று முதலில் காட்டியவர் செர்மாக்தான், ஆனால் அவருக்குக் கிடைத்தது இரண்டே வருடம். 1933 பிப்ரவரி 15 அன்று மயாமியில், ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட்டின் அருகில் நின்றபோது குண்டடிபட்டு, மார்ச் 6-ல் இறந்தார்.

அடுத்து வந்தது ஜோடி ஆட்சி. பேட்ரிக் நாஷ் கட்சித் தலைவர், எட்வர்ட் கெல்லி மேயர். ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களில் வாஷிங்டனிலிருந்து வந்த பணமும் வேலையும் இவர்கள் காலத்தில் மெஷினுக்கு நல்ல தீனி. ஆபிரகாம் லிங்கனின் கட்சி என்று குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த கறுப்பின மக்கள் டெமாக்ரடிக் பக்கம் திரும்பியதும் இந்தக் காலத்தில்தான். நாஷ் 1943-ல் இறந்தார்.

எனக்கு இந்த வரிசையிலேயே ரொம்ப சுவாரசியமானவர் 1946-ல் தலைவரான ஜேக்கப் ஆர்வி. மேற்குப் பக்கத்து யூத வார்டான 24-ஆவது வார்டிலிருந்து வந்தவர். கெல்லி மேல் மக்களுக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று தெரிந்ததும், இந்தமுறை நிற்க வேண்டாம் என்று மேயரிடமே சொல்லி அவரை இறக்கிவிட்டு, மார்ட்டின் கென்னலி என்ற வியாபாரியை 1947-ல் மேயராக்கினார். ஒரு கட்சித் தலைவரால் மேயரையே வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதைக் கவனியுங்கள். அடுத்த வருடம் ஸ்டீவன்சன், டக்ளஸ் என்று மெஷினோடு ஒட்டாத இரண்டு படித்த மனிதர்களைப் பட்டியலின் உச்சியில் வைத்தார். மேலே சுத்தமான முகம் இருந்தால் கீழே இருக்கும் நம் ஆட்களும் சேர்ந்து கரையேறிவிடுவார்கள் என்பது கணக்கு. இரண்டு பேருமே ஜெயித்தார்கள். (மிக்வாவை விரட்டிய வார்டு ஆபீஸ் வேலை செய்ததும் இதே பட்டியலுக்குத்தான்.)

இப்படி வேட்பாளர் பட்டியல் போடுவதற்கு ஸ்லேட்டிங் என்று பெயர். கவுண்டிக் கட்சித் தலைவரின் முக்கியமான வேலையே அதுதான். அதில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆர்வியே உதாரணம். 1950-ல் ஷெரிஃப் வேட்பாளராக டான் கில்பர்ட் என்ற போலீஸ் அதிகாரியைப் போட்டார்கள். செனட் விசாரணைக் குழு ஒன்றின் மூடிய அறையில் கில்பர்ட் தன் சூதாட்டத்தைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் சொன்னதெல்லாம் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. உலகத்திலேயே பணக்காரப் போலீஸ்காரர் என்று பட்டப்பெயர் கிடைத்தது. அவரும் தோற்று, செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ஸ்காட் லூகஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். ஆர்வி தலைவர் பதவியிலிருந்து விலகினார். நடுவில் ஜோசஃப் கில் கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் 1953-ல் டேலி.

டேலி செய்த முதல் பெரிய காரியம், ஸ்லேட்டிங்கைத் தனக்கே பயன்படுத்திக்கொண்டது. மேயர் கென்னலி சிபாரிசு வேலைகளைக் குறைத்து, தேர்வெழுதி வரும் வேலைகளைக் கூட்டியிருந்தார். கமிட்டிமேன்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1955 தேர்தலுக்கு ஸ்லேட்டிங் குழு பதவியில் இருந்த மேயரைக் கைவிட்டு டேலியைத் தேர்ந்தெடுத்தது. கென்னலி விடாமல் பிரைமரியில் நின்று பார்த்தார். தெற்குப் பக்கத்துக் கறுப்பின வார்டுகளைக் கையில் வைத்திருந்த காங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் டாஸன் டேலி பக்கம் நின்றார், கதை முடிந்தது.

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். வேட்பாளர் யார் என்று முடிவு செய்வது கட்சித் தலைவர். வேலைகளைக் கையில் வைத்திருப்பது மேயர். ஒரு கமிட்டிமேனுக்கு இரண்டுமே தேவை. இரண்டும் இரண்டு ஆளிடம் இருந்தால் ஒருவரை வைத்து மற்றவரை மிரட்டலாம், ஒரே ஆளிடம் இருந்தால் அந்த விளையாட்டுக்கு இடமே இல்லை. அந்த நாற்காலிக்கென்று தனியாகப் பலம் எதுவும் கிடையாது, கூட வரும் வேலைப் பட்டியல்தான் அதன் பலம் என்பதுதான் என் எண்ணம். டேலிக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

டேலி உயிரோடு இருக்கும்போதே விரிசல் தொடங்கிவிட்டது. 1969-ல் மைக்கேல் ஷாக்மன் என்ற வழக்கறிஞர், சிபாரிசு வேலைக்காரர்களை எதிர்த்துச் சுயேச்சையாக நிற்பவனுக்கு நியாயமான போட்டியே இல்லை என்று வழக்குப் போட்டார். அரசியல் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1972-ல் ஒரு உடன்பாடு கோர்ட்டில் பதிவானது, 1983-க்குள் அரசியல் காரணத்துக்காக வேலைக்கு எடுக்கவும் கூடாது என்று ஆனது. அதே 1972-ல் கட்சியின் தேசிய மாநாட்டில் டேலியின் பிரதிநிதிகள் குழுவை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஆல்டர்மேன் வில்லியம் சிங்கரும் ஜெஸ்ஸி ஜாக்ஸனும் கொண்டுவந்த குழுவை உள்ளே விட்டார்கள். பன்னிரண்டு வருடம் முன்பு ஜனாதிபதி தேர்தலில் கென்னடி 9,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் இல்லினாயைப் பிடித்தபோது, குக் கவுண்டி ஓட்டு வந்திராவிட்டால் கதை வேறு. அந்த கவுண்டியின் தலைவருக்கே மாநாட்டில் இடமில்லை என்றால் காலம் மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்.

1976-ல் அவர் இறந்ததும் இரண்டு நாற்காலியும் பிரிந்தன. மைக்கேல் பிலாண்டிக் மேயர், கவுண்டி போர்டு தலைவரான ஜார்ஜ் டன் கட்சித் தலைவர். 1979 குளிர்காலத்தில் கொட்டிய பனியை அள்ள முடியாமல் நகரம் திணறியது, அந்தக் கோபத்தில் ஜேன் பர்ன் பிரைமரியில் பிலாண்டிக்கைத் தோற்கடித்தார். அந்த அம்மாவின் ஆதரவோடு 1982-ல் டன்னைத் தள்ளிவிட்டுத் தலைவரானவர் எட்வர்ட் வெர்டோலியாக். எஃகு ஆலைகள் நிறைந்த 10-ஆவது வார்டுக்காரர்.

மறுவருடம்தான் நாடு முழுக்கப் பேசப்பட்ட கூத்து. பர்ன், டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, கறுப்பினத்தவரான காங்கிரஸ் உறுப்பினர் ஹரால்ட் வாஷிங்டன் என்று மும்முனைப் போட்டி. வெள்ளையர் ஓட்டுப் பிரிய, வாஷிங்டன் பிரைமரியை ஜெயித்தார். கட்சியின் வேட்பாளர் இனி அவர்தான். ஆனால் பல வெள்ளையினக் கமிட்டிமேன்கள் வெளிப்படையாகவே குடியரசுக் கட்சி வேட்பாளர் பெர்னார்ட் எப்டனுக்கு வேலை செய்தார்கள். வருடக்கணக்காக எதிர்க்கட்சி என்றே ஒன்று இல்லாத ஊரில், கட்சிக்காரர்களே எதிர்க்கட்சிக்கு ஓட்டுக் கேட்டார்கள்! வாஷிங்டன் ஜெயித்தார். உடனே நகரமன்றத்தில் கட்சித் தலைவர் வெர்டோலியாக்கின் பக்கம் 29 பேர், மேயர் பக்கம் 21 பேர். சொந்தக் கட்சி மேயரின் நியமனங்களையெல்லாம் கட்சித் தலைவரே முடக்கினார். கோர்ட் உத்தரவில் வார்டு எல்லைகளைத் திருத்தி ஏழு வார்டுகளில் 1986-ல் மறுதேர்தல் நடந்து 25-25 என்று சமமான பிறகுதான், மேயரின் தீர்மான ஓட்டால் ஏதாவது நகர்ந்தது. 1987-ல் வெர்டோலியாக் வேறொரு கட்சிப் பெயரில் மேயருக்கு நின்று தோற்று, தலைவர் பதவியை விட்டு, கடைசியில் குடியரசுக் கட்சிக்கே போய்விட்டார். நகராட்சி வேலைகள் மேயரிடம் இருக்கும்போது கட்சித் தலைவரால் தடுக்கத்தான் முடிந்தது, எதையும் கொடுக்க முடியவில்லை.

சிபாரிசு வேலை டெமாக்ரடிக் கட்சியின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்சி பார்த்து வேலைக்கு எடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது இல்லினாய் குடியரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில்தான். அதற்குப் பிறகும் பழக்கம் போய்விடவில்லை. மகன் டேலி மேயராக இருந்தபோது, அவர் ஆபீசில் வேலை நியமனங்களைப் பார்த்துக்கொண்டவர் 2006-ல் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். ஷாக்மன் வழக்கின் கோர்ட் கண்காணிப்பிலிருந்து நகராட்சியை விடுவித்தது 2014-ல். மகன் டேலி தனக்கென்று தனிக் குழுக்களை வைத்துக்கொண்டு கவுண்டிக் கட்சியைச் சட்டை செய்யவே இல்லை, அதனால் அவர் காலத்துத் தலைவர் தாமஸ் லயன்ஸின் பெயர் வெளியே யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

2007-ல் தலைவரான ஜோசஃப் பெர்ரியோஸ் வேறு மாதிரி. 2010-ல் கவுண்டியின் அசெஸராகவும் ஆனார். வேலைகள் போனால் என்ன, சொத்துவரி இருக்கிறதே. அசெஸர் ஒரு கட்டடத்துக்கு மதிப்புப் போடுவார், மதிப்பு அதிகம் என்று சொத்துக்காரர் வக்கீல் வைத்து முறையிடுவார். அப்படி முறையீடு நடத்தும் வக்கீல் நிறுவனங்கள் யாருடையவை? மாநிலக் கட்சித் தலைவரும் 13-ஆவது வார்டு கமிட்டிமேனுமான மைக்கேல் மடிகனுக்கு ஒன்று, 14-ஆவது வார்டின் எட்வர்ட் பர்க்குக்கு ஒன்று. பெர்ரியோஸின் மதிப்பீட்டில் விலை குறைந்த வீடுகளுக்குத் தகுதிக்கு மேலும் விலை உயர்ந்த வீடுகளுக்குத் தகுதிக்குக் கீழும் வரி விழுகிறது என்று 2017-ல் சிகாகோ டிரிப்யூன் புள்ளிவிவரத்தோடு எழுதியது. மறுவருடம் மார்ச்சில், பதவியில் இருக்கும் கட்சித் தலைவரே தன் கட்சி பிரைமரியில் ஃப்ரிட்ஸ் கேகி என்ற புதுமுகத்திடம் தோற்றார். மெஷின் நல்ல நிலையில் இருந்த காலத்தில் இப்படியொன்று நடந்திருக்கவே நடந்திருக்காது.

அந்த இடத்துக்கு 2018-ல் வந்தவர் டோனி ப்ரெக்விங்கிள், முன்னாள் வரலாற்று ஆசிரியை, 2010-லிருந்து கவுண்டி போர்டு தலைவர். இந்தக் கட்சித் தலைவர் பதவியில் உட்கார்ந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். 2019-ல் மேயர் பதவிக்கு நின்றார். இறுதிச் சுற்றில் லோரி லைட்ஃபுட் என்ற, அதுவரை எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்திராத வழக்கறிஞரிடம் 50 வார்டிலும் தோற்றார். ஐம்பதிலும்! நகரத்தில் அவருக்குக் கீழே 50 கமிட்டிபர்சன்கள் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அப்படியானால் இன்றைக்கு இந்தப் பதவிகளில் என்னதான் மிச்சம்? யாரும் கவனிக்காத இடங்களில் கொஞ்சம் இருக்கிறது. நீதிபதித் தேர்தல் ஒன்று. பெயரே தெரியாத வேட்பாளர்கள் என்பதால் கட்சியின் பட்டியலுக்கு அங்கே இன்னும் மதிப்பு உண்டு. ஒருமுறை ஜெயித்த நீதிபதி பிறகு தொடரலாமா கூடாதா என்ற ஓட்டில் 60 சதவீதம் வாங்க வேண்டும், 1990-க்குப் பிறகு 2018 வரை குக் கவுண்டியில் யாரும் அதில் தோற்றதே இல்லை. அந்த 2018-ல் மேத்யூ காக்லன் என்ற நீதிபதிக்கு எதிராக ஓட்டுப் போடச் சொல்லிக் கட்சி சிபாரிசு செய்தது, அவர் பதவி போனது.

இன்னொன்று காலியிடம். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் நடுவில் விலகினால் இல்லினாயில் இடைத்தேர்தல் கிடையாது. அந்தத் தொகுதிக்குள் வரும் கமிட்டிபர்சன்கள் கூடி, அதே கனமான ஓட்டு முறையில், அடுத்த ஆளை நியமிப்பார்கள். 2021 பிப்ரவரியில் மடிகன் விலகினார். பல பத்தாண்டுகள் சட்டமன்றச் சபாநாயகராக இருந்தவர், 2025-ல் ஊழல் வழக்கில் ஏழரை வருடச் சிறைத்தண்டனை பெற்றவர். தொகுதியின் கமிட்டி ஓட்டில் பாதிக்கு மேல் 13-ஆவது வார்டுக்கு இருந்தது, அதாவது விலகியவரிடமே. தன் இடத்துக்குத் தானே ஒரு இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். அவர் மேல் ஏதோ புகார் வந்ததும் அவரை விலகச் சொன்னார்கள், மூன்றே நாளில் அவர் விலகிவிட்டார். திரும்பவும் கூட்டம், திரும்பவும் அதே ஓட்டு, ஏஞ்சலிகா கெரேரோ-குவெயார் உறுப்பினரானார். ஒரே வாரத்துக்குள் ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள், வாக்குச்சாவடிப் பக்கம் ஒரு வாக்காளர்கூடப் போகவில்லை.